காங்கிரீட்டில் உப்பு பூத்தால்: தேய்க்கத் தொடங்குவதற்கு முன்

கார் நிறுத்தும் இடத்துக்குப் புதிதாகக் காங்கிரீட் போட்டிருப்பீர்கள். மழைக்காலம் முடிந்து ஒரு வாரம் நல்ல வெயில் அடிக்கும். பார்த்தால் தரை முழுக்கக் கோலமாவு சிந்தியது போல வெள்ளை. பெருக்கினால் போகிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால் ஈரத்தில் காணாமல் போகிறது. சாயங்காலம் காய்ந்ததும் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சிமென்ட் சரியில்லை என்பார். பெயிண்டர் “உப்புக் காத்து சார், இந்த ஏரியாவே இப்படித்தான்” என்பார். வீட்டுப் பெரியவர் “அப்பவே சொன்னேன், ஆத்து மணல்ல கட்டுன்னு” என்று ஆரம்பிப்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூவருமே தண்ணீரைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நான் கட்டடப் பொறியாளன் இல்லை. தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, இந்த வெள்ளைப் பூச்சோடு பல வருடம் மல்லுக்கட்டியவன். இரண்டு முறை தப்பாகச் செய்து காசை விட்டேன். மூன்றாவது முறைதான் வரிசை பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளையாக இருப்பது என்ன

தூத்துக்குடி உப்பளத்தில் என்ன நடக்கிறது? தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. உங்கள் சுவரிலும் அதேதான். காங்கிரீட், செங்கல், பூச்சு எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உள்ளே போன தண்ணீர் அங்கிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பரப்புக்கு வருகிறது. காற்று பட்டுத் தண்ணீர் மட்டும் பறந்துவிட, உப்பு பூத்து நிற்கிறது. வண்ணார்கள் துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணும், சித்த வைத்தியர்கள் சேகரிக்கும் பூநீறும் கோடையில் நிலத்தின் மேல் இப்படிப் பூத்தவைதான். கொத்தனார்கள் “உப்பு பூத்திருக்கு” என்று சொல்வது ரொம்பப் பொருத்தமான பேச்சு.

இதில் இரண்டு ரகம் உண்டு. வைத்தியம் வேறு என்பதால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒன்று சுண்ணாம்பு. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, உண்டாகிறது. இறுகிய சிமென்ட் கூழில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுதான். இது ஈரத்தோடு மேலே வந்து காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீரில் கரையாது. புதுக் காங்கிரீட் தரை, பேவர் பிளாக் ஆகியவற்றில் வருவது பெரும்பாலும் இந்த ரகம். நீற்றுச் சுண்ணாம்புக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: வெந்நீரைவிடக் குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும். மழையும் குளிரும் சேர்ந்த கார்த்திகை, மார்கழியில் புதுத் தரை அதிகமாக வெளுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று நிஜ உப்புகள்: சோடியம் சல்பேட், சோடியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், நைட்ரேட்டுகள். செங்கல் மண்ணிலிருந்து வரலாம், கலவைக்கு ஊற்றிய போர் தண்ணீரிலிருந்து வரலாம், கழுவாத மணலிலிருந்து வரலாம், அடித்தளத்து மண்ணிலிருந்து ஓதத்தோடு ஏறி வரலாம். இவை தண்ணீரில் கரையும். சுவரை நிஜமாகக் கெடுப்பவை இவைதான். சோடியம் சல்பேட் ஈரத்தை உறிஞ்சிப் படிகமாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அது பூச்சுக்கு உள்ளேயே நடந்தால் பூச்சு தாங்குமா? பொரிந்து, உப்பி, மாவாகக் கொட்டும்.

முதல் படி: அது உப்புதானா என்று பாருங்கள்

ஈரச் சுவரில் வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்பு இல்லை. பூஞ்சையும் வெள்ளையாக வரும். ஒரு சிட்டிகையை விரலில் எடுத்து நசுக்குங்கள். நறநறவென்று பொடிந்தால் உப்பு. பிசுபிசுவென்று இழுத்து மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை. அதற்கு வைத்தியமே வேறு, இந்தக் கட்டுரை உதவாது.

அடுத்து, அந்தப் பொடியை ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். முழுக்கக் கரைந்துவிட்டால் கரையும் ரக உப்பு. அடியில் தங்கிவிட்டால் சுண்ணாம்பு ரகமாக இருக்கலாம். உறுதி செய்ய, வெள்ளை படிந்த இடத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். ஒரு எச்சரிக்கை: வெறும் காங்கிரீட்டிலும் வினிகர் பட்டால் கொஞ்சம் நுரைக்கும். அதனால் சுரண்டி எடுத்த பொடியை ஒரு தட்டில் வைத்துச் சோதித்தால்தான் முடிவு சரியாக இருக்கும்.

நாக்கில் வைத்துப் பார்த்து “உப்பு கரிக்குது” என்று சொல்லும் மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கழிவுநீர்த் தொட்டிக்கும் பழைய மாட்டுக்கொட்டகைக்கும் பக்கத்துச் சுவரில் பூப்பது நைட்ரேட்டாக இருக்கும். அந்தக் காலத்தில் வெடியுப்பு எடுத்ததே இப்படிப்பட்ட இடங்களில்தான்.

தோட்டக்குழாய்க்குக் கீழே, தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை இருந்தால் அது காங்கிரீட்டிலிருந்து வந்ததே இல்லை, தண்ணீரின் கடினத்தன்மை. உங்கள் போர் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். மிஞ்சும் வெள்ளை வளையத்தைப் பார்த்தால், அதே தண்ணீரை நாள்தோறும் குழாயில் பீய்ச்சிக் கழுவும் தரை ஏன் வெளுக்கிறது என்று விளங்கிவிடும்.

இரண்டாம் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது

அவசரப்படக்கூடாத படி இதுதான். உப்பு, தண்ணீர், தண்ணீர் நடமாட வழி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பூக்கும். கட்டி முடித்த வீட்டில் உப்பை எடுக்க முடியாது, நுண்துளைகளை அடைக்க முடியாது. நம் கைக்கு எட்டுவது தண்ணீர் ஒன்றுதான்.

வெள்ளை எந்த வடிவத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தரையிலிருந்து இரண்டடி மூன்றடி வரை, சுவர் நெடுகக் கரை கட்டிய மாதிரி இருந்தால் கீழிருந்து ஓதம் ஏறுகிறது. கூரையில் திட்டாக இருந்தால் மேலே மொட்டைமாடி அல்லது குளியலறை. சுவரின் நடுவில் தனியாக ஒரு திட்டு என்றால் உள்ளே போகும் குழாயைச் சந்தேகப்படுங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் விளிம்பு என்றால் மழைநீர் நிற்கிறது, வழிய வழியில்லை. காம்பவுண்டுச் சுவரின் ஒரு பக்கம் மட்டும் பூத்திருந்தால் மறுபக்கம் மண் குவிந்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

மொட்டைமாடியின் அடியிலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ வெள்ளைக் குச்சி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தால், அது விரிசல் வழியே கசியும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து படிய வைத்தது. அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அந்தச் சொட்டு கடுமையான காரத்தன்மை உள்ளது. காரின் மேல் விழுந்து காய்ந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். குச்சியை உடைத்துப் போடுவதால் ஒன்றும் ஆகாது, மேலே விரிசலைத்தான் பார்க்க வேண்டும்.

ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் ஈரக்காற்று சுவரில் படிகிறதா என்று குழப்பமாக இருந்தால் ஒரு சுலபமான சோதனை. சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து எடுங்கள். சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் உள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்று. தரைக்கும் இதையே செய்யலாம், கெட்டியான பாலிதீன் தாள் போதும். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றாலும், அந்தச் சதுரம் மட்டும் கறுத்துக் கிடந்தாலும் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது என்று பொருள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஹாலின் கிழக்குச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை. பொங்கலுக்குப் பொங்கல் சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்போம். ஆடி வரும்போது பெயிண்ட் முட்டை முட்டையாக உப்பி நிற்கும். விரலால் அமுக்கினால் அப்பளம் உடைவது போல உடைந்து, உள்ளேயிருந்து பஞ்சு மாதிரி வெள்ளை இழைகள் கொட்டும். குழாய் ஓட்டையாக இருக்கும் என்று குளியலறைச் சுவரைக்கூட உடைத்துப் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை.

காரணம் வெளியே இருந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். மழைத்தண்ணீர் வாசலுக்குள் வராமல் இருக்க நாங்களும் பக்கவாட்டுச் சந்தில் சவுடு மண் கொட்டி, மேலே பேவர் பிளாக் பதித்தோம். அப்போது யாருக்கும் தோன்றவில்லை: அடித்தளத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுக்க ஒரு ஈரத்தடுப்புப் படலம் போட்டிருப்பார்கள் அல்லவா, நாங்கள் கொட்டிய மண் அதைத் தாண்டி ஒரு சாண் மேலே போய்விட்டது. தடுப்பு மண்ணுக்குள், சுவர் ஈர மண்ணில் சாய்ந்துகொண்டு. உறிஞ்சாமல் என்ன செய்யும்?

சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு பேவரை எடுத்து, தடுப்புக்குக் கீழே அரை அடி வரை மண்ணைத் தோண்டி, ஜல்லி நிரப்பி, தெருப்பக்கம் தண்ணீர் ஓடச் சின்னதாக ஒரு குழாய் வைத்தோம். மொத்தம் மூன்று நாள் வேலை. அதற்கு முன் பெயிண்டுக்கும் பட்டிக்கும் போன காசை எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

மூன்றாம் படி: தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள்

காரணம் தெரிந்தபின் இது நேரான வேலை. மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கினால் சரிவைச் சரி செய்து, தட்டோட்டு இடுக்குகளை அடைக்க வேண்டும். சன்ஷேடுக்கு அடியில் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காடி (சின்னப் பள்ளம்) வெட்டினால் தண்ணீர் உள்ளே ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும். ஏசியின் தண்ணீர்க் குழாயைச் சுவரை விட்டுத் தள்ளி இறக்குங்கள். பூச்செடிப் பாத்தியைச் சுவரிலிருந்து விலக்குங்கள். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைந்திருந்தால் ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள்.

நான்காம் படி: காய்ந்த தேய்ப்பு

எல்லாரும் முதலில் தண்ணீரைத்தான் எடுப்பார்கள். அது தப்பு. கரையும் ரக உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், காய்ந்ததும் வெளியே வரும். காய்ந்த உப்பைக் காய்ந்தபடியே எடுக்க வேண்டும்.

நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். கெட்டி நைலான் பிரஷ், முகக்கவசம், கண்ணாடி, கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள் இவ்வளவுதான் தேவை. மேலிருந்து கீழாகத் தேயுங்கள். கொட்டும் பொடியை உடனே வாரி எடுத்துக் குப்பையில் போடுங்கள். சுவரோரம் கிடந்தால் அடுத்த ஈரத்தில் அதுவே திரும்ப ஏறிவிடும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். பரப்பைக் கீறும், ஒடிந்த கம்பித்துண்டு துளைக்குள் மாட்டித் துருப்பிடித்து வெள்ளைக்குப் பதில் பழுப்புப் புள்ளி வரும்.

இரண்டு மூன்று வாரம் விட்டுத் திரும்பத் தேயுங்கள். தண்ணீர் வழி அடைபட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் குறைவாகத்தான் பூக்கும். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். குறிப்பாகப் புது பேவர் பிளாக் போட்டவர்கள் இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். ஒன்றிரண்டு மழைக்காலம் போனால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

ஐந்தாம் படி: தண்ணீர், கொஞ்சமாக

தேய்த்தபின் மிச்சமிருப்பதை நல்ல தண்ணீரில் கழுவலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள். தரையாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தேய்த்து, தேங்கவிடாமல் உடனே வைப்பரால் தள்ளிவிடுங்கள். சுவருக்கு ஈரத்துணியும் ஸ்பாஞ்சும் போதும். துணியை ஒவ்வொரு தடவையும் அலசுங்கள், அலசும் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

ஆறாம் படி: புளிப்பு, தேவைப்பட்டால் மட்டும்

சுண்ணாம்பு ரகம் கெட்டியாகப் படிந்துவிட்டால் பிரஷுக்கும் தண்ணீருக்கும் அசையாது. அமிலம் வேண்டும். ஆனால் அமிலம் வெள்ளையை மட்டும் தின்று நிறுத்திக்கொள்ளாது, அடியில் இருக்கும் சிமென்ட்டையும் தின்னும். ஆகவே பலவீனமானதிலிருந்து தொடங்குங்கள்.

சின்ன இடத்துக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. பெரிய தரைக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், இரும்பு வாளி வேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் தரையை நல்ல தண்ணீரால் நனையுங்கள். துளைகள் தண்ணீரால் நிரம்பியிருந்தால் அமிலம் ஆழமாக இறங்காது, மேலேயே நின்று வேலை செய்யும். தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, மூலையில் ஒரு சாண் இடத்தில் மட்டும் கரைசலைத் தடவிப் பாருங்கள். நிறம் மாறவில்லை, பரப்பு சொரசொரப்பாகவில்லை என்றால் சரி, பத்தடிக்குப் பத்தடியாகப் பிரித்துக்கொண்டு செய்யுங்கள். ஐந்து நிமிடம் நுரைக்க விட்டு, பிரஷால் தேய்த்து, காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று ஸ்பூன் ஆப்பசோடா கலந்து ஊற்றினால் மிச்சப் புளிப்பு அடங்கும். கடைசியாக இரண்டு தடவை வெறும் தண்ணீர். கறையே மிஞ்சினாலும் ஒரே நாளில் மூன்று தடவை அடிக்காதீர்கள்.

கடையில் “ஆசிட்” என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பெயிண்டர்களுக்கு அதுதான் பழக்கம். 2013இல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனையைக் கட்டுப்படுத்திய பிறகு வாங்குபவரின் அடையாள அட்டையைக் கேட்க வேண்டும் என்பது விதி. என் யோசனை, அதைத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் குளோரைடு காங்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்க வழி பிறக்கும். தூண், பீம், கூரைத் தளம் போன்ற கம்பி கட்டிய பகுதிகளில் கட்டாயம் கூடாது. கம்பி இல்லாத வெளித்தரைக்கு வேறு வழியே இல்லை என்றால், ஒரு பங்கு அமிலத்துக்கு 20 பங்கு தண்ணீரில் தொடங்குங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். எந்த அமிலமாக இருந்தாலும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்துவிடக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கு ஆபத்து. காலையில் பிளீச்சிங் போட்டுக் கழுவிய தரையில் மத்தியானம் ஆசிட் ஊற்றுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

இன்னொன்று, இது நான் பட்டது. போர்ட்டிகோ தரை வெளுத்திருந்ததைப் பார்த்துக் கழிவறை கழுவும் திரவத்தை ஊற்றித் தேய்த்தேன். தரை நன்றாகத்தான் வந்தது. ஆனால் வழிந்த நுரை பக்கத்துக் கடப்பாக்கல் படியில் ஓடியதை நான் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில், கறுப்பாகப் பளபளத்த கல் சாம்பல் நிறத்தில் மங்கி, கையால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. கடப்பா சுண்ணாம்புக்கல். கோட்டா கல்லும் அப்படியே, சலவைக்கல்லும் மொசைக்கும் அப்படியே. வினிகரே இவற்றைத் தின்னும். அந்தப் படி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வருகிற விருந்தாளி எல்லாம் “இது என்ன டிசைன்?” என்று கேட்கிறார்கள். அமில வேலைக்கு முன் பக்கத்தில் என்ன கல் இருக்கிறது, நுரை எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். சிவப்பு ஆக்சைடு தரை, வண்ண பேவர் ஆகியவற்றுக்கும் மூலைச் சோதனை இல்லாமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

கரையும் ரக உப்புக்கு அமிலத்தால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டம்ளர் சோதனையில் கரைந்தது என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: பொரிந்த பூச்சை எடுப்பது

சுவர்ப்பூச்சு ஏற்கெனவே உப்பி, தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் தேய்த்துப் பயனில்லை. செங்கல் தெரியும் வரை கொத்தி எடுங்கள். ஈரக்கறை தெரியும் உயரத்தோடு நிறுத்தாமல், அதற்கு மேலே ஒன்று ஒன்றரை அடி சேர்த்து எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு மேலேயும் உப்பு போயிருக்கும். செங்கல் இடுக்குகளையும் சுரண்டிவிட்டு, காற்றாட விடுங்கள். எங்கள் ஹால் சுவர் கோடை முழுக்க மூன்று மாதம் அப்படியே நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. அந்த மூன்று மாதமும் செங்கல் மேல் பூத்ததை வாரம் ஒரு முறை பிரஷால் எடுத்துக்கொண்டே இருந்தேன். முதல் வாரம் அரை முறம், கடைசியில் ஒரு சிட்டிகை.

எட்டாம் படி: பெயிண்டும் சீலரும் எப்போது

அவசரம் காட்டினால் பழைய கதைதான். புதுப் பூச்சு, புதுக் காங்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும். பழைய சுவர் என்றால் நாளைக் கணக்கிடாதீர்கள், அலுமினியத் தாள் சோதனையைத் திரும்பச் செய்து சுவர்ப்பக்கம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு மழைக்காலம் தாண்டட்டும்.

சுவர் மூச்சு விட வேண்டும். எண்ணெய் பெயிண்ட், பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடும் பூச்சு, டைல்ஸ் எல்லாம் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னால் உப்பைப் படிய வைத்து ஒருநாள் மொத்தத்தையும் தள்ளிவிடும், அல்லது டைல்ஸ் முடியும் உயரத்துக்கு மேலே போய்ப் பூக்கும். ஓதம் முழுக்க நிற்காத சுவருக்குப் பழைய சுண்ணாம்பு வெள்ளையே மேல். உப்பு வந்தாலும் தேய்த்துவிட்டு அடுத்த பொங்கலுக்குத் திரும்ப அடிக்கலாம், செலவும் குறைவு.

வெளித்தரைக்கும் காங்கிரீட் சுவருக்கும் சிலேன், சிலாக்சேன் வகை சீலர்கள் இருக்கின்றன. இவை மேலே படலம் போடாமல் துளைக்குள் இறங்கி வெளித்தண்ணீரை உள்ளே விடாமல் செய்யும், உள்ளே இருக்கும் ஆவியை வெளியே விடும். வெளியிலிருந்து மழை அடிப்பதுதான் காரணம் என்றால் நன்றாக வேலை செய்யும். ஈரம் பின்னாலிருந்தோ கீழிருந்தோ வந்தால் சீலர் அடிக்காதீர்கள். உப்பு மேற்பரப்பில் பூப்பதற்குப் பதில் சீலர் இறங்கிய ஆழத்துக்குப் பின்னால் பூத்து, காங்கிரீட்டின் மேல்தோலைப் பெயர்க்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தால் உண்டு.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

வெள்ளையோடு துருக்கறை சேர்ந்து வந்தால். பீம், தூண் நீளத்துக்கு நேர்கோடாக விரிசல் போனால். கூரையின் அடிக்காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால். மண்ணைத் தாங்கும் சுவர் வயிறு தள்ளினால். இவற்றுக்குக் கொத்தனாரோ பெயிண்டரோ போதாது, கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நாள்கணக்கில் நின்ற வீடுகளிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் வெள்ளை கிளம்பியது. அதில் பலது வெறும் உப்பு, தேய்த்ததும் போனது. ஒரு வீட்டில் மட்டும் தூணின் அடியில் பழுப்புக் கோடு இருந்தது.

இப்போதுதான் கட்டப்போகிறீர்கள் என்றால்

உங்களுக்கு வேலை சுலபம். கலவைத் தண்ணீரைச் சோதனைச்சாலையில் கொடுத்துப் பாருங்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதிப்படி கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேலும், சல்பேட் 400 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது. கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீர் இதைத் தாண்ட வாய்ப்பு அதிகம், லாரித் தண்ணீருக்கும் இதே சோதனைதான். பிளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல், கலந்த பி.பி.சி. ரக சிமென்ட் சுண்ணாம்பில் ஒரு பகுதியைத் தானே உண்டுவிடும், அதனால் வெளுப்பு குறையும். ஆனால் அதற்குத் தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் வைப்பது 10 நாளாவது வேண்டும். ஏழு நாளில் கையைக் கழுவிவிடப் பார்க்கும் மேஸ்திரியிடம் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செங்கல்லுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை. வெவ்வேறு அடுக்கிலிருந்து ஐந்து கல் எடுத்து, தட்டையான தாம்பாளத்தில் நட்டுக்குத்தாக நிறுத்தி, ஓர் அங்குல உயரத்துக்குச் சுத்திகரித்த தண்ணீர் ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஆனால் நல்லது. காற்றோட்டமான அறையில் தண்ணீர் முழுக்கக் காயும் வரை விட்டு, இன்னொரு முறை அதேபோல ஊற்றிக் காயவிடுங்கள். பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் வெள்ளை படிந்தால் லேசு, பாதி வரை படிந்தால் நடுத்தரம். பாதிக்கு மேல் போனால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

வாங்கிய செங்கல்லை வெறும் மண்ணில் அடுக்க விடாதீர்கள். எங்கள் மனையில் ஐப்பசி மழை முழுவதும் ஏழாயிரம் கல் சேற்றில் நின்றது. அடியில் இருந்த இரண்டு வரிசைக் கற்கள் எந்தச் சுவருக்குப் போயின என்று இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.